உடற்கட்டின் மனப்பக்கத்தை ஆய்வு செய்யப் போகும் தம்பிக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறீர்கள், இறுதி வருட ஆய்வுக் கட்டுரைக்கு ‘பொடி பில்டிங்கின் உளவியல் பக்கம்’ என்று எழுதிக் கொடுத்தீர்கள், மேற்பார்வையாளர் அகலம் கூடிவிட்டது, குறுக்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பிவிட்டார். எதை வாசிப்பது, எதை விடுவது, திருகோணமலை ஜிம்களில் கூகுள் ஃபோம் கொடுத்துத் தரவு எடுத்தால் போதுமா, நீங்களே ஜிம்முக்குப் போகிறவர் என்பது ஆய்வுக்குக் குறையாகுமா, இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். நான் உளவளத்துணை வேலை செய்கிறவன், இதே ஊரில் நெடுங்காலமாக இரும்பு தூக்குகிறவனும்கூட, அதனால் இந்த விசயத்தை யாராவது எங்கள் மொழியில் ஒழுங்காகச் செய்யமாட்டார்களா என்று எனக்கு ஆசை உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

மேற்பார்வையாளர் சொன்னது சரி. உங்கள் தலைப்புக்குள் ஒன்றோடொன்று அதிகம் சம்பந்தமில்லாத நாலைந்து ஆய்வுகள் கிடக்கின்றன. பயிற்சியின்போது மனதை எங்கே வைக்கிறோம் என்பது ஒன்று, எடை தூக்குவது மனதை என்ன செய்கிறது என்பது இன்னொன்று, தன் உடம்பைத் தானே எப்படிப் பார்க்கிறோம் என்பது மூன்றாவது, அப்புறம் போட்டிக்காகச் சாப்பாட்டைக் குறைக்கும்போதும் ஊசி மருந்து போடும்போதும் மனநிலைக்கு என்ன நடக்கிறது என்பது. எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் தொட்டால் ஒவ்வொன்றிலும் இரண்டு பந்திதான் வரும், வாசிக்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒன்றைப் பிடியுங்கள். எதை என்று நான் நினைப்பதைப் பிறகு சொல்கிறேன், அதற்கு முன் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இலக்கிய மீளாய்வுக்கு எப்படியும் தேவைப்படும்.

பயிற்சியின்போது மனம் என்ற பக்கம் ஜிம்மில் எல்லாரும் கதைக்கிற பக்கம்தான், ‘தூக்கும்போது தசையை நினை’ என்று அண்ணன்மார் சொல்வது. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிராட் ஷோன்ஃபெல்டும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு பயிற்சி செய்யாத 30 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் தசையைச் சுருக்குவதில் கவனம் வைக்கவும் மற்றவர்களிடம் எடையை மேலே கொண்டுபோவதில் கவனம் வைக்கவும் சொன்னார்கள். 8 கிழமை முடிவில் முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையின் தடிப்பு முதல் குழுவில் 12.4 வீதமும் மற்றதில் 6.9 வீதமும் கூடியிருந்தது, தொடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கலாட்டாயுட் குழு 2016இல், மல்லாந்து படுத்து எடையைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸை வைத்துப் பார்த்ததில், ஒருவர் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையின் 60 வீதம் வரைக்கும் மனக் கவனத்தால் தசையின் இயக்கத்தைக் கூட்ட முடிந்தது, 80 வீதத்தில் முடியவில்லை. இன்னும் பழையது, யூ, கோல் இருவரும் 1992இல் செய்தது: சின்னவிரலை அசைப்பதாக மனதில் கற்பனை மட்டும் செய்தவர்களுக்கே அந்த விரலின் பலம் 22 வீதம் கூடியது, உண்மையில் பயிற்சி செய்தவர்களுக்கு 30 வீதம். அருமையான விசயம், ஆனால் இதை நீங்கள் செய்யமுடியாது. தசையின் தடிப்பை அளக்க அல்ட்ராசவுண்ட் வேணும், இயக்கத்தை அளக்க மின்வாய் ஒட்டவேணும், உங்கள் துறையில் அந்த வசதி இருக்காது. வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எடை தூக்குவதால் மனம் இலேசாகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2018இல் கோர்டனும் மற்றவர்களும் 33 சோதனைகளை, மொத்தம் 1,877 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் எடைப் பயிற்சி மனச்சோர்வு அறிகுறிகளைக் குறைத்திருந்தது. ஒரு விசயத்தைக் கவனியுங்கள், அவை யாரைப் பயிற்சிக்கு விடுவது என்று எழுந்தமானமாகத் தெரிவு செய்து நடத்திய சோதனைகள். நீங்கள் ஜிம்மில் நின்று ‘ஜிம்முக்கு வந்தபிறகு மனம் நல்லாயிருக்கா’ என்று கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும், ஏனென்றால் நல்லாயில்லாமல் போனவர்கள் முன்னமே ஜிம்மை விட்டுவிட்டார்கள், அவர்களை நீங்கள் காணவே மாட்டீர்கள். இளநிலை மாணவர்களுடைய ஜிம் ஆய்வுகள் பலவற்றில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இது. வந்து மூன்று மாதத்தில் நின்றுபோன நாலு பேரையாவது தேடிப் பிடித்துக் கதைத்தால் உங்கள் கட்டுரை உடனே மற்றவற்றைவிட ஒரு படி மேலே போகும்.

இனித்தான் கனமான இடம். தன் உடம்பைத் தான் பார்க்கும் விதம். ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993இல் தன் குழுவோடு 108 ஆண் உடற்கட்டு வீரர்களை ஆராய்ந்தார். நல்ல பருத்த உடம்போடு இருந்தும் தாங்கள் சின்னவர்களாக, பலவீனமாகத் தெரிகிறோம் என்று நம்பியவர்கள் அவர்களில் 9 பேர். சிலர் வெக்கை காலத்திலும் தடித்த உடுப்புப் போட்டு உடம்பை மறைப்பது, கடற்கரைக்குப் போகமாட்டோம் என்பது, இப்படி. முதலில் அதை உணவு மறுப்பு நோயின் மறுபக்கம் என்று பெயர் வைத்தார்கள், 1997இல் மசில் டிஸ்மோர்ஃபியா என்று மாற்றினார்கள், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கைநூலில் அது உடல் உருவம் பற்றிய தீராத கவலைக் கோளாறின் ஒரு வகையாக, எண்ணச் சுழற்சிக் கோளாறுகளின் பகுதியில் இடம்பிடித்தது. இந்த வரலாற்றை ஒரு பந்தியில் எழுதிவிடுங்கள், அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

ஆனால் இதைவிட உங்களுக்கு முக்கியமானது 2000ஆம் ஆண்டில் ஒலிவார்டியாவும் போப்பும் மற்றவர்களும் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வு. மசில் டிஸ்மோர்ஃபியா இருந்த 24 பேரையும், அது இல்லாத 30 எடை தூக்குபவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்துக்கு மனச்சோர்வும் பதற்றமும் உணவுக் கோளாறும் தசை ஏற்றும் ஸ்டீரோய்ட் மருந்துப் பாவனையும் அதிகம், வெட்கத்தால் வேலையையும் நண்பர்களையும் விட்டவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டமோ, சும்மா கல்லூரிக்குப் போய்வரும் ஆண்களிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு சாதாரணமாக இருந்தார்கள். இதை நான் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். தினமும் தூக்குகிறான், முட்டை எண்ணிச் சாப்பிடுகிறான், கண்ணாடியில் பார்க்கிறான் என்பதற்காக ஒருவன் நோயாளி ஆகிவிடமாட்டான். அவனுடைய வாழ்க்கை அதனால் சுருங்குகிறதா, வேதனைப்படுகிறானா, இதுதான் எல்லைக்கோடு. மாணவர்களுடைய கட்டுரைகளில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன், ஒரு ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு அந்தப் பெயருக்கு ஆள் தேடி ஜிம்முக்குள் போவார்கள். அப்படிப் போனால் எங்கும் நோய்தான் தெரியும். அதேபோல ஜிம்தான் எல்லாத்துக்கும் மருந்து என்று போனால் நல்லது மட்டும்தான் தெரியும். முதலில் கேளுங்கள், ஆள் தன் வாயால் சொல்வதை எழுதுங்கள், பெயர் கடைசியில் தேவைப்பட்டால் வரட்டும்.

சாப்பாட்டைக் குறைக்கும் பக்கத்தில் ஒரு தனி ஆய்வு இருக்கிறது, அவசியம் வாசியுங்கள். ரொஸ்ஸோவும் கூட்டாளிகளும் 2013இல் வெளியிட்டது, மருந்து பாவிக்காத ஒரே ஒரு உடற்கட்டு வீரரை 12 மாதம் பின்தொடர்ந்தது: போட்டிக்கு முன் ஆறு மாதம், பின் ஆறு மாதம். உடல் கொழுப்பு 14.8 வீதத்திலிருந்து 4.5க்கு இறங்கியது, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 53இலிருந்து 27க்கு இறங்கியது, ஆண் ஹோர்மோனான டெஸ்டொஸ்டிரோன் மில்லிலீட்டருக்கு 9.22 நானோகிராமிலிருந்து 2.27க்கு. மனநிலைக் குழப்பத்தை அளக்கும் புள்ளி 6இலிருந்து 43க்கு ஏறி, போட்டி முடிந்து ஆறு மாதத்தில் 4க்குத் திரும்பியது. மேடையில் ஆள் ஆகச் சிறப்பாகத் தெரியும் நாளில்தான் உள்ளே ஆள் ஆக மோசமாக இருக்கிறார் என்பது இந்த எண்களில் அப்படியே தெரிகிறது. ஒரு ஆளை வைத்து எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லமுடியாது, உண்மை, ஆனால் ஒரு ஆளை ஆழமாகப் பார்ப்பதன் பெறுமதிக்கு இது நல்ல உதாரணம். இதோடு சேர்த்து அன்செல் கீஸ் 1944 கடைசியிலும் 1945இலும் மினசோட்டாவில் நடத்திய பட்டினிப் பரிசோதனையையும் பாருங்கள். திடகாத்திரமான 36 ஆண்கள், ஆறு மாத அரைப்பட்டினி, உடல் எடையில் கால்வாசி போனது. எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, கோப்பையை நக்குவது, சமையல் குறிப்புகளைச் சேர்ப்பது, இதெல்லாம் முன்பு ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு வந்தது. போட்டிக்குத் தயாராகிற ஒருவர் வீட்டில் சள்ளென்று விழுகிறார் என்றால் அவருடைய குணத்தில் பழியைப் போடுவதற்கு முன் அவருடைய கோப்பையைப் பார்க்கவேண்டும் என்று எனக்குக் கற்றுத்தந்தது இந்தப் பரிசோதனைதான்.

ஸ்டீரோய்ட் பற்றி. ‘ஊசி போட்டால் விசர் பிடிக்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். போப்பும் குழுவும் 2000இல் 56 ஆண்களுக்குக் கிழமைக்கு 600 மில்லிகிராம் வரைக்கும் டெஸ்டொஸ்டிரோன் கொடுத்துப் பார்த்ததில், பெரும்பாலானவர்களின் மனநிலை அதிகம் மாறவில்லை, ஒரு சிலருக்கு மட்டும் கட்டுக்கடங்காத உற்சாகமும் ஆவேசமும் வந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியவில்லை, ஆபத்து அங்கேதான். ஜிம்களில் சிலர் எடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு, ஒன்றோடொன்று கலந்தும் எடுக்கிறார்கள், ஆய்வுகூடத்தில் அப்படி யாருக்கும் கொடுத்துப் பார்க்க நெறிமுறை விடாது. நிறுத்தும்போது வரும் மனச்சோர்வைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதுதான் சிலருக்கு மிகக் கொடியது. இளநிலைக் கட்டுரைக்கு இதைத் தலைப்பாக எடுக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இங்கே ஊக்கமருந்துக்கு எதிரான ஏற்பாடுகள் உண்டு, போட்டிக்குப் போகிறவர் உங்களிடம் உண்மையைச் சொன்னால் அந்த உண்மையைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும். இருபத்திமூன்று வயதில் அது பெரிய பாரம்.

சரி, எதை எடுப்பது. நீங்கள் தொடர்பாடல் மாணவர், உங்கள் பலம் அங்கே இருக்கிறது. போப்பின் குழு 1999இல் சிறுவர்கள் விளையாடும் போர்வீரர் பொம்மைகளை அளந்தது. ஜி.ஐ. ஜோ பொம்மையின் 1960களின் உருவத்தையும் 1990களின் உருவத்தையும் ஒப்பிட்டால் தசை ஏறிக்கொண்டே போகிறது, கடைசியாக வந்த ஒன்றை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்தால் மேற்கை சுற்றளவு 26.8 அங்குலம் வரும், அப்படிப்பட்ட கை எந்த உடற்கட்டு வீரருக்கும் இருந்ததில்லை என்று அவர்கள் எழுதினார்கள். ஆன் பெக்கர் ஃபிஜித் தீவில் செய்தது இன்னொன்று. ஒரு பிரதேசத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது, அந்த வருடமும் 1998இலும் பாடசாலைச் சிறுமிகளிடம் ஒரே வினாக்கொத்தைக் கொடுத்தார், உணவு பற்றிய கவலைக்குரிய புள்ளி பெற்றவர்கள் 12.7 வீதத்திலிருந்து 29.2 வீதமானார்கள். இரண்டு முறையும் வேறு வேறு சிறுமிகள், சின்னக் கூட்டம், ஆகவே தொலைக்காட்சிதான் காரணம் என்று சத்தியம் பண்ணமுடியாது, ஆனால் அவர் எண்ணோடு நிற்காமல் சிறுமிகளோடு இருந்து கதைத்தும் கேட்டார், அந்தக் கதைகள்தான் எண்ணுக்கு உயிர் கொடுத்தன. இந்த இரண்டையும் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் சொன்ன சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டோடு சேருங்கள்: அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதன் தன்னை மற்ற மனிதனோடு வைத்து அளக்கிறான், அதுவும் தனக்குக் கிட்ட இருப்பவனோடு. இந்த ‘கிட்ட’ என்பதைத்தான் போன் குழப்பிவிட்டது.

ஆகவே என் ஆலோசனை இது: திருகோணமலை நகரத்தில் ஜிம்முக்குப் போகும் 18 முதல் 30 வயதுவரையான ஆண்கள் தங்கள் உடம்பை யாருடைய உடம்போடு ஒப்பிடுகிறார்கள், அந்த ஒப்பீட்டைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள். இவ்வளவுதான். இதற்கே ஒரு கட்டுரை தாராளமாகப் போதும். ஏன் இந்த ஊரில் இது நல்ல கேள்வி என்றால், இங்கே ஜிம்மால் வராத உடம்புகள் நிறைய இருக்கின்றன. உப்புவெளிப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் கரைவலை இழுக்கிறவர்களின் முதுகையும் தோளையும் பார்த்திருப்பீர்கள், அந்த உடம்பை யாரும் கட்டவில்லை, அது வேலையால் வந்தது. துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் படையினர் இருக்கிறார்கள், காலையில் ஓடுவார்கள். சுற்றுலாப் பருவத்தில் கடற்கரைக்கு வெளிநாட்டவர் வருகிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெடியன் போனைத் திறந்து இந்தியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிற ஒருவரின் உடம்பைப் பார்க்கிறான். இவர்களில் யார் அவனுக்கு அளவுகோல்? கரைவலை இழுக்கும் சித்தப்பாவின் உடம்பை அவன் அழகென்று எண்ணுகிறானா, அல்லது கண்ணிலேயே படவில்லையா? இதற்குப் பதில் எந்த அமெரிக்க ஆய்வேட்டிலும் கிடைக்காது, நீங்கள்தான் எழுதவேண்டும்.

வீட்டையும் விடாதீர்கள். மேற்கத்தைய ஆய்வுகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வாழ்ந்து தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறவர்கள். இங்கே அம்மாதான் சமைக்கிறா, சோற்றைக் குறைத்தால் ‘என்ன, என்ர சமையல் பிடிக்கேல்லையோ’ என்று கேட்பா. 2022 நெருக்கடிக்குப் பிறகு புரதப் பவுடர் பல வீடுகளுக்கு எட்டாத விலை, முட்டைக்கும் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது, ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவன் மட்டும் நாளுக்கு ஆறு முட்டை சாப்பிடுவது சின்ன விசயம் இல்லை. அதனால் வரும் குற்ற உணர்வை நான் பல பெடியன்களின் வாயால் கேட்டிருக்கிறேன். கந்தசஷ்டி விரதம், கோணேசர் கோவில் திருவிழா என்று வந்தால் வீட்டில் மச்சம் இல்லை, கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வருகிற முஸ்லிம் தம்பிமாருக்கு ரமழானில் எப்போது தூக்குவது, நோன்பு திறக்க முன்னா, இரவுத் தொழுகைக்குப் பிறகா என்ற கேள்வி இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் அவர்களில் சிலர் அந்த மாதத்தில்தான் மனம் மிகத் தெளிவாக இருக்கிறது, தசை குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்கிறார்கள். உடம்பைவிடப் பெரிய ஒரு காரணம் கையில் இருக்கும்போது உடம்பைப் பற்றிய கவலை எப்படி இறங்குகிறது என்பது, என்னைக் கேட்டால், தனி ஆய்வுக்கே தகுந்தது.

தரவுக்கு வருகிறேன். கூகுள் ஃபோம் மட்டும் போதாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உங்கள் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் இரண்டு நிமிடத்தில் நிரப்பி அனுப்புவார்கள், எல்லாரும் தாங்கள் நல்லாயிருப்பதாகத்தான் எழுதுவார்கள். அளவுகோல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று துறை சொன்னால், மெக்ரியரியும் சாஸும் 2000இல் செய்த, தசை ஏற்றும் நாட்டத்தை அளக்கும் அளவுகோல் 15 கூற்றுகள் கொண்டது, ஹில்டெபிராண்ட் குழு 2004இல் செய்த, மசில் டிஸ்மோர்ஃபியா அறிகுறிகளை அளக்கும் எம்டிடிஐ 13 கூற்றுகள் கொண்டது, இரண்டும் மாணவர்கள் கையாளக்கூடியவை. ஆனால் தமிழுக்கு மாற்றும்போது ஒருவர் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும், அப்புறம் ஐந்தாறு பேரைச் சத்தமாக வாசிக்கவைத்து ஒவ்வொரு கூற்றுக்கும் என்ன விளங்கியது என்று கேட்கவேண்டும். இந்த வேலைக்கே ஒரு மாதம் போகும். புள்ளி கூடினால் ‘கோளாறு உள்ளவர்’ என்று எழுதவும் முடியாது, நோயைத் தீர்மானிப்பது மனநல மருத்துவரின் வேலை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 12 பேரை ஒவ்வொருவராக இருத்தி முக்கால் மணித்தியாலம் கதைப்பேன். கெஸ்ட்டும் மற்றவர்களும் 2006இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், தங்கள் 60 நேர்காணல்களில் முக்கியமான கருத்துகள் முதல் 12க்குள்ளேயே பெரும்பாலும் வந்துவிட்டன என்று. இதை மேற்பார்வையாளரிடம் காட்டலாம். பகுப்பாய்வுக்கு பிரௌன், கிளார்க் இருவரின் 2006ஆம் ஆண்டுக் கருப்பொருள் பகுப்பாய்வு முறை, ஆறு கட்டம், தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஆட்களைத் தெரிவு செய்யும்போது ஒரே ஜிம்மில் எடுக்காதீர்கள், நகரத்தில் குளிரூட்டி போட்ட ஜிம்மும் உண்டு, தகரக் கூரைக்குக் கீழே உருக்கி ஒட்டிய இரும்போடு ஓடுகிற ஜிம்மும் உண்டு, இரண்டுக்கும் வருகிறவர்கள் வேறு. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெடியன்கள் ஒரே இடத்தில் ஒருவருக்கொருவர் எடை பிடித்துக் கொடுக்கும் இடங்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை, ஜிம் அதில் ஒன்று, அதையும் கவனித்து எழுதுங்கள்.

கேள்விகளில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ‘உங்கள் உடம்பில் உங்களுக்குத் திருப்தியா’ என்று கேட்டால் ஓம் அல்லது இல்லை, அதோடு முடிந்தது. நடந்ததைக் கேளுங்கள். நேற்று ஜிம்முக்கு வெளிக்கிட முன் என்ன செய்தீர்கள், கடைசியாக உங்களைப் படம் எடுத்தது எப்போது, எத்தனை எடுத்து எதை வைத்திருந்தீர்கள், மற்றதை ஏன் அழித்தீர்கள். போகமுடியாமல்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள், அன்றிரவு என்ன நினைத்தீர்கள். கல்யாண வீட்டில் சாப்பிட இருக்கும்போது என்ன நடக்கும். கடற்கரையில் சேட்டைக் கழற்றுவீர்களா. போனில் யாரைப் பின்தொடர்கிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் விரும்பினால் மட்டும், பக்கத்தில் இருந்து அவர்களோடு சேர்ந்து அந்தப் படங்களைப் பாருங்கள், பார்க்கும்போது அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இது தொடர்பாடல் மாணவனுக்கு இயல்பாகத் தோன்றக்கூடிய முறை. ஒருவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். எங்கள் ஆண்கள் உடம்பைப் பற்றிக் கேலியாகக் கதைக்கப் பழகியவர்கள், அந்தக் கேலி ஓய்ந்தபிறகுதான் அடுத்தது வரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரிடமும் ஒலிப்பதிவு எடுக்காதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை விட்டுவிடுங்கள், பெற்றோர் சம்மதம் எல்லாம் எடுத்து முடிக்க உங்களுக்கு நேரம் இல்லை. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கவேண்டாம், இது சின்ன ஊர். ‘மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் எடுத்த, மீன் வாடியில் வேலை செய்யும் 26 வயது இளைஞர்’ என்று எழுதினால் அனுராதபுரச் சந்தியில் நிற்கும் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தொழில், இடம், பரிசு, இதில் இரண்டையாவது எடுத்துவிடுங்கள். மருந்து பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் அதை எழுதலாமா என்று பதிவை நிறுத்திவிட்டு ஒருமுறை கேளுங்கள். யாராவது வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரிக் கதைத்தால் ஆய்வை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அவரோடு இருங்கள், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் ஒரு துண்டில் எழுதி, நேர்காணல் முடிய எல்லாருக்கும் கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் கூசிப்போவார்.

கடைசியாக, நீங்களே தூக்குகிறவர் என்பது குறையா என்று கேட்டீர்கள். இல்லை, அதை மறைத்தால்தான் குறை. ஜிம்மில் உங்களை நம்புவார்கள், ‘செட்’, ‘கட்டிங்’, ‘பல்க்’ என்று சொன்னால் திருப்பிக் கேட்கத் தேவையில்லை, வெளியாள் ஒருவர் மூன்று மாதத்தில் பெறும் நெருக்கம் உங்களுக்கு முதல் நாளே கிடைக்கும். மறுபக்கம், உங்களுக்குச் சாதாரணமாகப் படுவதை நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களைப் போல நினைக்கிறவரின் கதைதான் உங்களுக்கு உண்மையாகப் படும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் நேர்காணலுக்கு முன்னமே, ஜிம் பக்கமே போகாத ஒரு வகுப்புத் தோழியிடமோ தோழரிடமோ உங்கள் கேள்விகளைக் கொடுத்து உங்களையே பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு செய்து, மற்றவர்களுடையதைப் போலவே சொல்லுக்குச் சொல் எழுதி, தனிக் கோப்பில் வையுங்கள். பகுப்பாய்வில் அதைச் சேர்க்கவேண்டாம். ஒவ்வொரு கருப்பொருளையும் எழுதி முடித்தபிறகு அந்தக் கோப்பைத் திறந்து, இது 12 பேரும் சொன்னதா, நான் சொன்னதா என்று பாருங்கள், பார்த்ததை முறையியல் அத்தியாயத்தில் ஒரு பந்தியாக எழுதுங்கள். திருத்திய முன்மொழிவு தயாரானதும் எனக்கு அனுப்பினால் கேள்விப் பட்டியலை மட்டும் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.